மூன்றில் இரண்டு பங்கு ஊகம்: ரா மென்பொருள்கள் பற்றி ஓர் ஆய்வு

ஒரே ரா ஃபைலை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் தந்த பதிவை, லைட்ரூமில் திறந்தால் ஒரு படம் கிடைக்கும். கேப்சர் ஒன்னில் திறந்தால் வேறொன்று. டார்க்டேபிளில் திறந்தால் இரண்டிலும் சேராத மூன்றாவது படம். எந்த ஸ்லைடரையும் நகர்த்தியிருக்க மாட்டோம், எந்த ப்ரீசெட்டையும் போட்டிருக்க மாட்டோம். ஆனாலும் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு ஒன்றில் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்றில் ரத்தச் சிவப்பாக இறுகியிருக்கும், மற்றொன்றில் வெளிறிக் கிடக்கும். மூன்றில் எது கேமரா பதிவு செய்த நிறம் என்று கேட்டால், எதுவுமில்லை என்பதே சரியான பதில். கேமரா நிறத்தைப் பதிவு செய்யவே இல்லை. வடிகட்டிகளின் வழியே வந்த வெளிச்சத்தின் அளவைத்தான் அது எண்ணி வைத்தது. நிறம் பிறகு, மென்பொருளில் பிறந்தது.

ரா மென்பொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்குள் முடிந்துவிடுகிறது: எது கூர்மையாகக் காட்டுகிறது, எது வேகமாக ஓடுகிறது, எது மலிவு. மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கான விடைகள் அடிக்கடி மாறுகின்றன. இன்று பின்தங்கியது நாளை முந்துகிறது. மாறாமல் நிற்பவை வேறு இரண்டு கேள்விகள். என் படத்தின் நிறத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? நான் செய்த தீர்மானங்கள் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும்? இந்த மென்பொருள்களின் கால் நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தபின், மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியவை இவ்விரண்டும்தான் என்ற முடிவுக்கே வருகிறேன்.

எண்களின் குவியல்

சென்சாரின் ஒரு பிக்சலுக்கு நிறம் தெரியாது. தன்மேல் விழுந்த ஒளி எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். நிறம் பிரிப்பதற்காக ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதேனும் ஒரு வடிகட்டி வைக்கப்படுகிறது. பாதி பிக்சல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு 1976-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பெரும்பாலான கேமராக்களும் கைபேசிகளும் அதையே பின்பற்றுகின்றன. மனிதக் கண் நுணுக்கங்களைப் பெரும்பாலும் பச்சையை ஒட்டிய ஒளியில் உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

வாசலில் வைத்த கோலப் புள்ளிகளைப் போல வரிசை வரிசையாகக் கிடக்கும் இந்தப் புள்ளிகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் அளவுதான் கையிருப்பு. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணிக்க வேண்டும். டிமொசைக்கிங் என்பது இந்த வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 24 மெகாபிக்சல் படம் ஒன்றில் 2.4 கோடி புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிற அளவுகள் என்றால் 7.2 கோடி எண்கள். இவற்றில் கேமரா அளந்தது 2.4 கோடி. மீதி 4.8 கோடி எண்கள் மென்பொருள் ஊகித்தவை. நாம் பார்க்கும் எந்த டிஜிட்டல் வண்ணப்படத்திலும், சில விதிவிலக்குகள் தவிர, மூன்றில் இரண்டு பங்கு ஊகம். ஜேபெக் எடுப்பவருக்கு இந்த ஊகத்தைக் கேமராவுக்குள் இருக்கும் சிப் செய்கிறது. ரா எடுப்பவர் அதைத் தள்ளிப்போட்டு, தன் மேஜைக்குக் கொண்டுவருகிறார்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சென்சார் நேர்விகிதத்தில் எண்ணுகிறது: ஒளி இருமடங்கானால் எண்ணும் இருமடங்கு. கண் அப்படிப் பார்ப்பதில்லை; இருட்டில் சிறு மாற்றத்தையும் உணரும் கண், வெளிச்சத்தில் பெரிய மாற்றத்தைக்கூடச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். 14-பிட் ரா ஃபைலில் 16,384 நிலைகள் இருக்கின்றன. அவற்றில் 8,192 நிலைகளை மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப் (ஒளி இருமடங்காகும் ஒரு படி) எடுத்துக்கொள்கிறது. இந்த எண்களை அப்படியே திரையில் போட்டால் பச்சை படர்ந்த, இருண்ட படம்தான் தெரியும். அதை மனிதப் பார்வைக்கு ஏற்ப வளைக்கும் வளைகோடு ஒன்று கட்டாயம் தேவை. அந்த வளைகோடு எப்படி இருக்க வேண்டும் என்று இயற்கை விதி ஏதும் சொல்லவில்லை. அது ரசனை. மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் ரசனை.

கேமராவின் பின்திரையில் தெரிவதும் ரா அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரா ஃபைலுக்குள் பதித்து வைத்த ஒரு ஜேபெக்கைத்தான் கேமரா காட்டுகிறது. ஹிஸ்டோகிராமும், வெளிச்சம் மிஞ்சிய இடங்களில் மினுக்கும் எச்சரிக்கையும் அந்த ஜேபெக்கிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அதனால் மினுக்கும் இடத்தில் ரா பத்திரமாக இருக்கலாம். எதிர்மாறாக, ஒட்டுமொத்த ஹிஸ்டோகிராம் அமைதியாக இருக்கும்போதே பட்டுப்புடவையின் சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்து, இழைகளின் மடிப்பு அழிந்திருக்கலாம். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்கி வைப்பது இதற்காகத்தான்.

எல்லா ராவும் ஒரே அளவுக்கு ரா அல்ல. சோனி பல ஆண்டுகள் தன் ரா ஃபைல்களைத் தரவு இழக்கும் வகையில் சுருக்கியே எழுதியது. ஒளிப்படக் கலைஞர்களின் தொடர் முறையீட்டுக்குப் பிறகு 2015-ல்தான் சுருக்காத ரா வசதியைத் தந்தது. 2020 டிசம்பரில் ஐபோன் 12 ப்ரோவுக்கு வந்த ப்ரோரா, பல ஃப்ரேம்களை இணைத்து, டிமொசைக்கிங்கும் முடித்து, 12-பிட் நேர்விகித எண்களாக டிஎன்ஜி என்ற திறந்த ரா வடிவில் தருகிறது. நிறமும் வெளிச்சமும் இன்னும் நம் கையில் இருக்கின்றன. ஊகம் மட்டும் ஆப்பிளின் கையில் முடிந்துவிட்டது.

பூட்டும் சாவியும்

பெரும்பாலான கேமரா நிறுவனங்கள் தங்கள் ரா வடிவங்களின் முழு விவரத்தை வெளியிடுவதில்லை. நிக்கான் ஒரு விதமாக எழுதுகிறது, கேனன் ஒரு விதமாக எழுதுகிறது; ஒரே நிறுவனத்துக்குள்ளும் மாடலுக்கு மாடல் மாறும். ஆரம்ப நாட்களில் நிறுவனம் தரும் மென்பொருளே கதி. 1997-ல் டேவ் காஃபின் என்ற நிரலாளர் டிசிரா என்ற நிரலைத் தனியாளாக எழுதத் தொடங்கினார். எந்தக் கேமராவின் ரா ஃபைலும் எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். சி மொழியில் ஒரே ஒரு மூலநிரல் ஃபைல், அவ்வளவுதான். புதுக் கேமரா வரும்போதெல்லாம் அதன் வடிவத்தைப் பிரித்து ஆராய்ந்து சேர்த்துக்கொண்டே இருந்தார். 2018 வரை இந்தப் பணி தொடர்ந்தது. அதிலிருந்து கிளைத்த லிப்ரா நிரல்தொகுப்பு இன்றும் பல மென்பொருள்களுக்குள் வேலை செய்கிறது. ஒளிப்பட வரலாற்றை எழுதுபவர்கள் பெரிய கலைஞர்களின் பெயர்களோடு காஃபினின் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் திறந்து வைக்காதிருந்தால் எத்தனையோ பேரின் படங்கள் கைவிடப்பட்ட மென்பொருள்களோடு சேர்ந்து மூடிப்போயிருக்கும்.

வணிக உலகில் திருப்பம் 2003 பிப்ரவரியில் வந்தது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான தாமஸ் நோல் எழுதிய கேமரா ரா, ஃபோட்டோஷாப் 7-க்குத் தனி விலையுள்ள இணைப்பாக வெளிவந்தது. அதே ஆண்டு ஃபோட்டோஷாப் சிஎஸ் பதிப்பில் அது உள்ளேயே சேர்ந்துவிட்டது. பல நிறுவனங்களின் ரா ஃபைல்களை ஒரே இடத்தில், ஒரே விதமான ஸ்லைடர்களோடு திறக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விடுதலை.

கேமரா நிறுவனங்களுக்கு அது அவ்வளவு உவப்பாக இருந்ததாகத் தெரியவில்லை. 2005-ல் நிக்கான் டி2எக்ஸ் கேமராவின் ரா ஃபைலில் ஒயிட் பேலன்ஸ் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டு வந்தது. கேமரா எந்த ஒயிட் பேலன்ஸில் எடுத்தது என்பதை மற்ற மென்பொருள்கள் படிக்க முடியாது. நோல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். குறியாக்கத்தை உடைத்தால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பாயுமோ என்ற தயக்கம் ஃபோட்டோஷாப்பின் நிறுவனமான அடோபிக்கு இருந்தது. காஃபின் அந்தப் பூட்டைத் திறந்து டிசிராவில் சேர்த்துவிட்டார். படத்தை எடுத்தவருக்கே தன் படத்தின் ஒரு எண்ணைப் படிக்க இன்னொருவரின் அனுமதி தேவைப்பட்ட அந்தச் சம்பவம், ரா ஃபைல் யாருடையது என்ற கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2004 செப்டம்பரில், அடோபி டிஎன்ஜி வடிவத்தை அறிவித்திருந்தது. விவரங்கள் முழுக்க வெளிப்படை, யாரும் பயன்படுத்தலாம். லைக்காவும் பென்டாக்ஸும் அதைக் கேமராவிலேயே எழுதின. ஆண்ட்ராய்டு 2014-ல் ஏற்றுக்கொண்டது. கேனன், நிக்கான், சோனியின் முக்கியக் கேமராக்கள் தங்கள் சொந்த வடிவங்களிலேயே தொடர்கின்றன. எல்லா ராவையும் டிஎன்ஜியாக மாற்றி மூலத்தை அழித்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். கேனன், நிக்கானின் சொந்த மென்பொருள்கள் டிஎன்ஜியைத் திறப்பதில்லை. மாற்றியபின் அந்த வழி அடைபட்டுவிடும். மூல ஃபைலும் இருக்கட்டும்.

கூர்மைப் போட்டி ஓய்ந்தபின்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் டிமொசைக்கிங் முறைகளுக்குள் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. வெறும் சராசரி எடுக்கும் எளிய முறைகளில் கம்பி வேலி, ஓட்டுக் கூரை, நெசவுத் துணி போன்றவற்றின் விளிம்புகளில் படிக்கட்டும் பொய் நிறங்களும் தோன்றும். 2005-ல் ஹிராகாவா, பார்க்ஸ் இருவரும் வெளியிட்ட ஏஎச்டி முறை விளிம்பு ஓடும் திசையைப் பார்த்து ஊகிக்கக் கற்றுக்கொடுத்தது. சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர் எமில் மார்ட்டினெக் எழுதிய அமேஸ் முறை ராதெரபி என்ற இலவச மென்பொருளில் இன்றும் நுணுக்கத்துக்குப் பேர்போனது. ராதெரபி இவற்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க விடுகிறது; ஐஎஸ்ஓ கூடிய படங்களுக்கு வேறு முறைகளைச் சிபாரிசும் செய்கிறது. லைட்ரூம், கேப்சர் ஒன் இரண்டும் இந்த முடிவைத் தாமே எடுத்துக்கொள்கின்றன.

ஃபியூஜிஃபிலிம் 2012-ல் எக்ஸ்-ப்ரோ1 கேமராவில் கொண்டுவந்த எக்ஸ்-டிரான்ஸ் சென்சார் மட்டும் நீண்ட நாள் தலைவலியாக இருந்தது. பேயர் அமைப்பின் இரண்டுக்கு இரண்டு கட்டத்துக்குப் பதில் ஆறுக்கு ஆறு கட்டம். 36 புள்ளிகளில் 20 பச்சை. லைட்ரூமில் கூர்மையைக் கூட்டினால் இலைகளில் புழு நெளிவது போன்ற கோடுகள் தெரிந்தன. 2019 பிப்ரவரியில் அடோபி தந்த என்ஹான்ஸ் டீடெய்ல்ஸ் வசதி இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. இன்றைக்கு நல்ல லென்ஸில், குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த பேயர் ஃபைலை முன்னணி மென்பொருள்கள் நான்கில் திறந்து ஆல்பம் அளவில் அச்சிட்டால், கூர்மையை வைத்து எது எதில் செய்தது என்று சொல்வது கடினம். அந்தப் போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது.

லென்ஸ் வடிவமைப்புகூட இப்போது ரா மென்பொருளை நம்பியே நடக்கிறது. 2008-ல் வந்த பானசோனிக் எல்எக்ஸ்3 கேமராவின் ராவை டிசிராவில் திறந்தவர்கள் நேர்கோடுகள் பீப்பாய்போல் வளைந்திருப்பதைக் கண்டார்கள். வளைவை நிமிர்த்தும் பொறுப்பை நிறுவனம் மென்பொருளிடம் விட்டிருந்தது. லென்ஸ் சிறிதாக, விலை குறைவாக இருக்க அது ஒரு வழி. இப்போது அது சர்வசாதாரணம்.

நிறம் எங்கே முடிவாகிறது

சென்சாரின் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மனிதக் கண்ணின் உணர்வோடு சரியாகப் பொருந்துவதில்லை. கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் கேமராவுக்கு வெவ்வேறாகத் தெரியும். கண் வேறுபடுத்தும் இரண்டு நிறங்களைக் கேமரா ஒன்றாகவும் காணலாம். அதனால் கேமரா தந்த எண்களைக் கண்ணின் நிறங்களாக மொழிபெயர்க்க ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் ஒரு ப்ரொஃபைல் தேவைப்படுகிறது. அடோபியின் ப்ரொஃபைல்கள் வழக்கமாக இரண்டு ஒளிகளுக்கு அளந்து செய்யப்படுகின்றன: ஒன்று குண்டு பல்பின் மஞ்சள் ஒளி, மற்றொன்று பகல் ஒளி. படத்தின் ஒயிட் பேலன்ஸ் எங்கே விழுகிறதோ அதற்கேற்ப இரண்டுக்கும் நடுவில் கணக்கிட்டுக்கொள்ளும். கேப்சர் ஒன் ஒவ்வொரு கேமராவுக்கும் தன் ரசனைப்படி தானே ப்ரொஃபைல் செய்கிறது. தோல் நிறத்துக்காக அதை விரும்புபவர்கள் உண்மையில் விரும்புவது அந்த ப்ரொஃபைலைத்தான். டார்க்டேபிள் எளிய மொழிபெயர்ப்போடு நின்று, மீதியை நம்மிடம் விடுகிறது. கேமராவின் ஜேபெக் நிறமே வேண்டுமென்றால் நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனின் டிபிபி போன்ற இலவச மென்பொருள்கள்தாம் மிக நெருக்கம்.

தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபத்தைவிடக் கடுமையான நிறச் சோதனைக்கூடம் கிடைப்பது அரிது. ஹோமத்தின் நெருப்பு ஒரு பக்கம், வீடியோகாரரின் எல்இடி பேனல் ஒரு பக்கம், கூரையில் டியூப் லைட், வாசல் வழியாக வரும் பகல் வெளிச்சம். ஒரே ஃப்ரேமில் நான்கு ஒயிட் பேலன்ஸ். அதற்குள் குங்குமம், மஞ்சள், மாவிலைப் பச்சை, ஜரிகை. ஆழ்ந்த பட்டுச் சிவப்பின் பல சாயல்கள் எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு வெளியே விழுகின்றன. ரா ஃபைலில் இழையும் மடிப்பும் இருந்தாலும், எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது எல்லாம் ஒரே சிவப்புப் பரப்பாக அமுங்கிவிடும். சாச்சுரேஷனைக் கூட்டுவது அதை இன்னும் கெடுக்கும். சிவப்பின் வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் மடிப்புகள் திரும்ப வரும்.

மாலை ரிசப்ஷனின் ஊதா, நீல எல்இடி விளக்குகள் இன்னும் கொடுமை. அந்த ஒளியில் நீலச் சேனல் நிரம்பி வழியும்போது சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய காலி. முகம் ஒரு தட்டையான ஊதாத் திட்டாகிவிடும். இல்லாத சிவப்பை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. ஒளிப்படக் கலைஞர் எடுக்கும்போதே நீலச் சேனலைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைப்பதும், கொஞ்சம் வெள்ளை ஒளி சேர்ப்பதும்தான் மருந்து.

இங்கே ஒரு கவலையைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. வண்ண ஃபிலிம் காலத்தில் கோடாக்கின் ஷெர்லி அட்டைகள் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்து அச்சுக்கூடங்களைச் சரிசெய்தன. கரிய தோலின் நுணுக்கங்கள் பல பத்தாண்டுகள் அழிந்துபோயின. டிஜிட்டல் சென்சாருக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. கரிய முகத்தின் நெற்றி மினுமினுப்பும், கன்னத்தின் செம்பழுப்பும், கண்ணோர நிழலும் ரா ஃபைலில் முழுசாக இருக்கின்றன. அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, முகத்தை வெளுப்பாக்கும் ப்ரீசெட்டை ஐந்நூறு படங்களுக்கும் ஒரே சொடுக்கில் போடும் வழக்கம் நம் ஆல்பங்களில் பரவியிருக்கிறது. மணமக்களின் அம்மா அப்பாவின் நிறமே அவர்கள் கல்யாண ஆல்பத்தில் இல்லாமல் போகிறது. ரா கற்கும் இளைஞர்கள் முதலில் கற்க வேண்டியது, ஒளி விழுந்த கரிய தோலை அதன் நிறத்திலேயே ஒளிரச் செய்வது எப்படி என்பதுதான். 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையை ஒவ்வொரு ஒளியிலும் ஒரு ஃப்ரேம் எடுத்துக்கொண்டால், அந்த ஒளிக்கே உரிய ப்ரொஃபைலை நாமே செய்துகொள்ளலாம். அரை நிமிட வேலை.

வெளிச்சத்தை மடக்கும் விதங்கள்

சென்சார் பார்த்த பெரும் வெளிச்ச வீச்சைத் திரைக்குள் மடக்குவதில் இரண்டு சிந்தனைகள் இருக்கின்றன. அடோபியின் வழி, முதலிலேயே ஒரு வளைகோட்டைப் போட்டுப் பார்ப்பதற்கு இனிய படத்தைக் காட்டி, அதிலிருந்து திருத்தச் சொல்வது. 2012-ல் லைட்ரூம் 4 கொண்டுவந்த ஹைலைட்ஸ், ஷேடோஸ் ஸ்லைடர்கள் படத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து இடத்துக்கு இடம் வேறுவிதமாக நடந்துகொள்கின்றன. கற்றுக்கொள்ள எளிது, பலன் உடனே தெரியும். டார்க்டேபிளின் வழி வேறு. 2018 டிசம்பரில் ஃபில்மிக் மாட்யூலைச் சேர்த்த ஒரெலியன் பியேர், ஒளியின் நேர்விகித எண்களிலேயே பெரும்பாலான வேலையைச் செய்துவிட்டு, கடைசியில் திரைக்காக மடக்க வேண்டும் என்றார். திரைப்பட நிறச்சீரமைப்பில் பழகிய முறை இது. நிறங்கள் வெளிச்சத்தில் இயல்பாக வெளுக்கின்றன, விளிம்புகளில் ஒளிவட்டம் குறைகிறது. விலையாகக் கேட்பது பொறுமையை; முதல் சில வாரங்கள் படம் மங்கலாகவும் மனம் சோர்ந்தும் இருக்கும்.

வெளிச்சம் மிஞ்சிய இடங்களின் கதை தனி. பகலில் வழக்கமாகப் பச்சைச் சேனல்தான் முதலில் நிரம்பும். ஒயிட் பேலன்ஸுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது, நிரம்பிய பச்சை பின்தங்கி, மேகம் ரோஜா நிறமாகும். நிரம்பாத சேனல்களைக் கொண்டு நிரம்பியதை மீட்டமைப்பதில் மென்பொருள்களுக்குள் இன்னும் உண்மையான வேறுபாடு இருக்கிறது. மூன்றும் நிரம்பிவிட்டால் மீட்க ஏதுமில்லை.

ஹைலைட் கெடாத அளவுக்கு எக்ஸ்போஷரை வலப்புறம் தள்ளி எடுங்கள் என்ற அறிவுரையை ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் 2003-ல் பரப்பினார். வெளிச்சமான ஸ்டாப்பில் நிலைகள் அதிகம் என்று தாமஸ் நோல் அவருக்கு விளக்கியதே அடிப்படை. அறிவுரை சரி, காரணம் பாதிதான் சரி என்பது பின்னால் தெளிவானது. பலன் நிலைகளின் எண்ணிக்கையிலிருந்து வருவதைவிட, அதிக ஒளி சேர்ந்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் விகிதத்தில் குறைகிறது என்பதிலிருந்தே வருகிறது.

இரைச்சலும் உண்மையும்

குண்டு பல்பு ஒளியில் நீலம் குறைவு. ஒயிட் பேலன்ஸ் அதைப் பல மடங்கு பெருக்குவதால் நீலச் சேனலில் நாய்ஸ் கொப்பளிக்கும். பழைய முறைகள் நாய்ஸோடு நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்தன. 2020-ல் டிஎக்ஸ்ஓ நிறுவனம் கொண்டுவந்த டீப்ப்ரைம், டிமொசைக்கிங்கையும் நாய்ஸ் நீக்கத்தையும் பயிற்றுவித்த ஒரே வலையமைப்பில் சேர்த்துச் செய்தது. 2023 ஏப்ரலில் அடோபியும் டிநாய்ஸ் வசதியைத் தந்தது. ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த படம் 1600-ல் எடுத்தது போலாவதைப் பார்த்த காட்டுயிர்க் கலைஞர்களும் கல்யாணக் கலைஞர்களும் மகிழ்ந்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஊகத்தின் தன்மை இங்கே மாறிவிட்டது. பக்கத்துப் புள்ளியைப் பார்த்து ஊகிப்பது ஒன்று. வேறு ஆயிரக்கணக்கான படங்களில் கற்றதை வைத்து இறகு இப்படித்தான் இருக்கும் என்று ஊகிப்பது இன்னொன்று. கல்யாணப் படத்துக்கு அது பெரிதில்லை. ஒரு பறவையை இறகு வரிகளைக் கொண்டு அடையாளம் காணும் படத்துக்கும், செய்திப் படத்துக்கும் பெரிது. அத்தகைய படங்களுக்கு நாய்ஸோடு விட்டுவிடுவதே மேல் என்பேன்.

செய்தி உலகம் ராவை இரண்டு விதமாக எதிர்கொண்டது. ராய்ட்டர்ஸ் 2015 நவம்பரில், ராவிலிருந்து மாற்றிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை மட்டும் அனுப்புங்கள் என்று தன் ஃப்ரீலான்ஸ் கலைஞர்களிடம் சொன்னது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ நேர்மாறாக, இறுதிச் சுற்றுகளுக்கு வருபவர்களிடம் ராவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டது. 2013-ல் பரிசுபெற்ற காஸா இறுதி ஊர்வலப் படம் பல படங்களை ஒட்டிச் செய்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, வல்லுநர்கள் ராவோடு ஒப்பிட்டு, நிறமும் ஒளியும் திருத்தப்பட்டிருந்தாலும் ஒட்டுவேலை இல்லை என்று உறுதிசெய்தார்கள். 2015-ல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு இதே சோதனையில் விலக்கப்பட்டது. இரண்டாம் வழியே சரியானது என்று நினைக்கிறேன். கேமராவின் ஜேபெக் எஞ்சினும் ஒருவருடைய ரசனைதான். அதைச் சாட்சி என்று ஏற்பதைவிட, மூலத்தை வைத்துக்கொண்டு திருத்தத்தை வெளிப்படையாக ஒப்பிடுவது நேர்மையானது.

வேலை ஒழுங்கும் ஆயுளும்

ஒரு ரா மென்பொருளும் மூல ஃபைலின் எண்களை மாற்றுவதில்லை. நாம் செய்யும் திருத்தங்கள் குறிப்புகளாக வேறிடத்தில் எழுதப்படுகின்றன. எங்கே எழுதப்படுகின்றன என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. லைட்ரூம் கிளாசிக் ஒரு கேட்டலாக்கில் வைக்கிறது. கேட்டால் எக்ஸ்எம்பி ஃபைலாகவும் எழுதும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் ஒவ்வொரு ராவுக்கும் பக்கத்திலேயே ஒரு சிறு ஃபைலை வைக்கின்றன. கேட்டலாக் தேடுவதற்குச் சிறந்தது. கெட்டால் எல்லாம் போகும். பக்கத்து ஃபைல் ராவோடு சேர்ந்தே நகரும், காப்புப் பிரதியிலும் தானாக வந்துவிடும். எது வைத்திருந்தாலும், ஒரு மென்பொருளின் குறிப்பை இன்னொன்று முழுமையாகப் புரிந்துகொள்ளாது. க்ராப், நட்சத்திரம் போன்றவை ஒருவேளை கடக்கும். நிறமும் ஒளியும் கடக்காது.

ஆப்பிளின் அபர்ச்சர் இதற்குப் பாடம். 2005-ல் பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. 2014-ல் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் ஓடாமல் போனது. அதில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களின் ராக்கள் பத்திரமாக இருக்கின்றன, தீர்மானங்கள்தாம் இல்லை. அடோபி 2017-ல் லைட்ரூமை ஒரே விலைக்கு விற்கும் முறையை விட்டுச் சந்தாவுக்கு மட்டும் மாறுவதாக அறிவித்தது. சந்தா நின்றாலும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம்; ஆனால் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். அடோபி பழைய பிராசஸ் வெர்ஷன்களை விடாமல் வைத்திருப்பதையும் பாராட்டியே ஆக வேண்டும். 2007-ல் லைட்ரூம் 1.0-ல் திருத்திய படம் இன்றும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் திறக்கிறது.

தொழில்முறைக் கல்யாணக் கலைஞருக்கு என் யோசனை இது. எடுத்த அன்றே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல். தெரிவு செய்வதை ரா மென்பொருளில் செய்ய வேண்டாம். ஃபோட்டோ மெக்கானிக் போன்றவை உள்ளே பதித்த ஜேபெக்கைப் படிப்பதால் ஆயிரக்கணக்கான படங்களை நொடியில் புரட்டலாம். பிறகு லைட்ரூமோ கேப்சர் ஒன்னோ, கையில் பழகியது எதுவோ அது. ஸ்டுடியோவில் கேமராவைக் கணினியில் இணைத்து எடுப்பவருக்குக் கேப்சர் ஒன் தனி வசதி. கற்கும் மாணவருக்கும், மாதச் சந்தா சுமையாக இருப்பவருக்கும் டார்க்டேபிளும் ராதெரபியும் இரண்டாந்தரம் அல்ல. ஊகம் எப்படி நடக்கிறது என்பதை அவை மூடி மறைக்காமல் காட்டுகின்றன. ஒளி சீராக உள்ள இடத்தில், அன்றே படம் தர வேண்டிய பள்ளி விழாவுக்கு ஜேபெக் போதும்.

ஆல்பம் கொடுத்தபின் இடத்துக்காக ராவை அழித்துவிடும் பழக்கம் மட்டும் போக வேண்டும். மென்பொருள் மேம்படும்தோறும் பழைய ராவும் மேம்படுகிறது. ஜேபெக்குக்கு அந்த வாய்ப்பு குறைவு. கணக்கு அவ்வளவு பயமுறுத்துவதும் இல்லை. 24 மெகாபிக்சல் ரா, இழப்பின்றிச் சுருக்கினால் சுமார் 30 எம்பி. 3,000 படங்கள் 90 ஜிபி. ஆல்பத்துக்குத் தேர்ந்த 200 படங்களை மட்டும் திருத்தம் முடிந்ததும் 16-பிட் டிஃப்பாக எழுதி வைத்தால், ஒன்றுக்கு 144 எம்பி வீதம் இன்னும் 29 ஜிபி. லைட்ரூம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும் அந்த 200 டிஃப் ஃபைல்களும் கலைஞர் தீர்மானித்த அதே நிறத்தோடு திறக்கும். அந்தக் குடும்பம் இருபது ஆண்டு கழித்து வந்து ஒரு படம் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம்.